பட்டத்துக்கு உரியவன் யார்?

(நெய்வேலி நகரியத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் ராஜாக்களுக்குப் பட்டம் வந்த விதத்தைப் பற்றியதாகும். ராஜாக்களே இல்லாத காலத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ராஜாக்கள் போய்விட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஐப்பசி மாதம் சதய நட்சத்திரம் வந்துவிட்டால் நம் ஊர்ச் சுவர்களைப் பாருங்கள். ராஜராஜன் எங்கள் சாதி என்று ஒரு கூட்டத்தார் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். இல்லை, எங்கள் சாதி என்று அடுத்த தெருக்காரர்கள் அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டுகிறார்கள். "ஆண்ட பரம்பரை" என்று சொல்லாத சாதிச் சங்கம் இன்று எது? பகல் முழுதும் சுரங்கத்தில் கரிப்புழுதி குடித்துவிட்டு வருகிற வாலிபன், சாயந்திரம் சட்டையில் புலிப் படத்தைக் குத்திக்கொண்டு தான் அரச வம்சம் என்கிறான். ஆகவே இதைப் பேசத்தான் வேண்டியிருக்கிறது.

அரச வம்சம் என்றால் என்ன? தகப்பனுக்குப் பிறகு மூத்த மகன், அவனுக்குப் பிறகு அவன் மகன், இப்படித் தெய்வம் எழுதிவைத்த வரிசைப்படி முடி இறங்கி வந்தது என்றுதான் புராணிகர்கள் நமக்குச் சொல்லி வந்தார்கள். அது நடந்ததா என்று பார்ப்போம். இதற்காக நீங்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நாம் நிற்கிற இந்தப் பூமிக்குக் கீழே கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் மண்ணுக்குள் போன மரம் கரியாகக் கிடக்கிறது. பூமிக்கு மேலேயோ, சுற்றுவட்டாரத்துக் கோவில் சுவர்களில் சோழ ராஜாக்களின் சங்கதி கல்லில் கிடக்கிறது. கரியை 1930-களில் ஒரு நிலக்காரரின் கிணற்றுத் தண்ணீர் காட்டிக் கொடுத்தது. கல்வெட்டைப் படித்தவர்களோ நெடுங்காலம் அதைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

முதலில் காட்டுமன்னார்கோயிலுக்குப் போவோம். வீராணம் ஏரிக்கரையை ஒட்டிய ஊர். அந்த ஏரிக்கும் அங்கிருந்த பார்ப்பன அக்கிரகாரத்துக்கும் முதலாம் பராந்தக சோழனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரே பெயர். அந்த ஊரைச் சேர்ந்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோவில் இருக்கிறது. அதில் ராஜராஜனுடைய இரண்டாவது ஆட்சி ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு உண்டு. அது என்ன சொல்லுகிறது தெரியுமா?

ராஜராஜனுக்கு ஒரு அண்ணன் இருந்தான். ஆதித்த கரிகாலன் என்று பெயர். சுந்தர சோழனுடைய மூத்த மகன். வீரபாண்டியன் தலையைக் கொண்டவன் என்று பட்டம் எழுதிக்கொண்டவன். முறைப்படி பார்த்தால் சோழ சிம்மாசனம் அவனுக்குத்தான். அவன் பட்டத்துக்கு வரவில்லை, சுமார் 970-ஆம் ஆண்டில் கொலையுண்டான். கொன்ற துரோகிகள் இன்னார் என்று அந்தக் கல்வெட்டு பெயரைச் சொல்லுகிறது. சோமன் என்பவன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். பிரமாதிராஜன் என்பது அரசாங்க உத்தியோகத்திலிருந்த பார்ப்பனருக்கு ராஜா கொடுக்கிற பட்டம். அதாவது அரண்மனைச் சோறு தின்ற பெரிய உத்தியோகஸ்தர்கள் என்று அர்த்தம்.

சரி, இளவரசனைக் கொன்றவர்களுக்கு என்ன தண்டனை? கல்வெட்டில் இருப்பது ஆஸ்திப் பறிமுதல். அவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் இவர்களுடைய நிலமும் மனையும் பறிமுதலாக வேண்டும் என்று ஊர்ச் சபைக்கு உத்தரவு வருகிறது. தலையை வாங்கியதாக அதில் ஒரு வார்த்தை கிடையாது. அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோவிலுக்குத் தர்மமாக எழுதி வைக்கிறார். யாருக்குத் தர்மம்? பார்ப்பனர்களுக்குச் சோறு போடுவதற்கு! பார்ப்பனர் கையிலிருந்து பறித்த நிலம் பார்ப்பனர் வயிற்றுக்கே போய்ச் சேர்ந்தது. மாடு மேய்க்கிற ஒருவன் அக்காலத்தில் இளவரசனுடைய குதிரை மேலே கல்லெறிந்திருந்தால்கூட அவனுக்கு இந்தத் தண்டனைதான் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க. அண்ணன் செத்தபின் தம்பியாகிய அருள்மொழிக்குப் பட்டம் வந்ததா என்றால், அதுவும் இல்லை. நடுவில் உத்தம சோழன் வருகிறான். இவன் சுந்தர சோழனுடைய பெரிய தகப்பனான கண்டராதித்தனின் மகன். கண்டராதித்தன் சாகும்போது இவன் குழந்தை. ஆகையால் பட்டம் கண்டராதித்தன் தம்பி அரிஞ்சயனுக்குப் போயிற்று. அவனுக்குப்பின் அவன் மகன் சுந்தர சோழனுக்குப் போயிற்று. குழந்தை வளர்ந்து பெரியவனாகி, என் தகப்பன் சொத்து எனக்குத்தானே என்று நின்றான். மூத்த கிளை இதுவா அதுவா? இரண்டு கட்சிக்கும் சாஸ்திரம் உண்டு! உத்தமன் சுமார் 15 வருஷம் ஆண்டபிறகு 985-இல் ராஜராஜன் வந்தான். உத்தமனுக்கு ஒரு மகன் இருந்தான். அவன் ராஜாவாகவில்லை. ராஜராஜன் கீழே கோவில் கணக்குப் பார்க்கும் அதிகாரியாக உத்தியோகம் செய்தான். ராஜராஜன் மகன் ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, ஜனங்கள் எல்லாம் வேண்டியும் அருள்மொழி தன் சிற்றப்பன் ஆசைப்படுகிறவரை எனக்கு ராஜ்யம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று புகழுகிறது. மகன் வீட்டுப் புலவன் அப்பனைப் பற்றி வேறு என்னமாய் எழுதுவான்?

இன்னும் பல வருஷம் தள்ளி வாருங்கள். 1054-இல் கொப்பத்துப் போரில் ராஜாதிராஜன் யானைமேலேயே செத்தான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடி சூட்டிக்கொண்டான். அங்கே நல்ல நாள் பார்த்தது யார், முகூர்த்தம் குறித்தது யார்? ராகுகாலமா எமகண்டமா என்று அந்த ரத்தச் சேற்றில் யாராவது பார்த்திருப்பார்களா? ஆனாலும் பட்டம் செல்லுபடியாயிற்று, ஏனென்றால் சேனை அவன் பக்கம் இருந்தது.

1070-இல் வீரராஜேந்திரன் இறந்தான். அவன் மகன் அதிராஜேந்திரனைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் சிம்மாசனத்தில் ஏற்றிவைக்கக் கருநாடகத்துச் சாளுக்கிய விக்கிரமாதித்தன், அவன் மைத்துனன், சேனையோடு வந்தான் என்று பில்ஹணன் என்ற காஷ்மீரத்துக் கவி எழுதுகிறான். வந்தவன் ஊர் திரும்புவதற்குள் அதிராஜேந்திரன் கலகத்தில் மடிந்தான். பட்டம் யாருக்குப் போயிற்று? வேங்கி நாட்டுச் சாளுக்கிய ராஜாவின் மகனுக்கு. தாய் அம்மங்கை, ராஜேந்திர சோழனுடைய மகள். அவன்தான் முதலாம் குலோத்துங்க சோழன் என்று பெயர் வைத்துக்கொண்டு சுமார் 50 வருஷம் ஆண்டவன். தகப்பன் வழியில் சந்திரகுலம், தாய் வழியில் சூரியகுலம். இப்பொழுது இவன் எந்தக் குலம்? புலவர்கள் திணறவில்லை. இரண்டு குலமும் விளங்கத் திருமாலே அந்த அம்மாள் வயிற்றில் வந்து பிறந்தான் என்று பரணி பாடிவிட்டார்கள். 1070-க்குப் பிறகு சோழர் என்று நீங்கள் படிக்கிறவர்கள் எல்லாம் தகப்பன் வழியில் ஆந்திரத்துச் சாளுக்கியர் பரம்பரை. எங்கள் சாதி ரத்தம் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் எந்த ரத்தத்தைச் சொல்லுகிறார்கள் என்று கொஞ்சம் கேட்டுச் சொல்லவேண்டும்.

இங்கே தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பட்டம் வந்தது அம்மங்கையின் வழியாக. ஆனால் அம்மங்கைக்குப் பட்டம் இல்லை. பெண் என்றால் பாத்தியதையைச் சுமந்து மகனிடம் கொடுக்கிற பாத்திரம், அவ்வளவுதான். ஐரோப்பாவில் ஹங்கேரி தேசத்திலும் இதே யோக்கியதைதான். 1741-இல் மரியா தெரேசா என்ற அம்மையாருக்கு அங்கே முடிசூட்டியபோது அவரை "அரசி" என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லாமல் "அரசன்" என்றே சொல்லி முடி சூட்டினார்கள்! பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானம் செய்தபோது சிரித்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 ஆயிற்று.

ஹங்கேரி என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில்தான் இந்த அக்கிரமம், வெள்ளைக்காரன் நாட்டில் ஒழுங்காக நடந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்காக அந்தத் தேசத்துக் கதையையும் கொஞ்சம் சொல்லுகிறோம். அங்கே முதல் கிறிஸ்தவ ராஜா இஸ்த்வான், ஆங்கிலத்தில் ஸ்டீபன் என்பார்கள். 1000-மாவது வருஷ வாக்கில், அதாவது நம் ராஜராஜன் காலத்தில், முடிசூடினான். பழைய வழக்கப்படி குடும்பத்தில் வயதில் மூத்தவனுக்குப் பட்டம். அந்த வழக்கத்தைச் சொல்லிக் கொப்பானி என்ற உறவினன் எதிர்த்தான். அவனைக் கொன்று உடலை நாலு துண்டாக்கிக் கோட்டைகளில் தொங்கவிட்டார்கள். பிறகு இஸ்த்வானின் மகன் செத்துப்போகவே, அடுத்த பாத்தியஸ்தனாகிய வாசூல் என்பவனுடைய கண்ணைப் பிடுங்கிக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள். பட்டம் தங்கை பிள்ளைக்குப் போயிற்று. ஆனால் கடைசியில் நாட்டை ஆண்டது கண்ணிழந்த வாசூலின் சந்ததி! இஸ்த்வானைப் பிறகு மகான் என்று சர்ச்சு கும்பிட வைத்தது.

அந்த வம்சம் 1301-இல் ஆணில்லாமல் அற்றுப்போயிற்று. அப்பொழுது நடந்ததுதான் வேடிக்கை. சார்லஸ் ராபர்ட் என்ற ஒருவன் வந்தான். அவனுக்கு அந்த வருஷமே முடிசூட்டினார்கள். செல்லாது என்றார்கள். ஏன்? இஸ்த்வானுடையது என்று சொல்லப்பட்ட "புனித முடி" தலையில் ஏறவில்லை. வேறு ஒரு முடியை வைத்துவிட்டார்கள். புனித முடியை வைத்திருந்த கட்சியார் பொஹீமியா ராஜாவின் மகனைக் கூப்பிட்டு அவனுக்குச் சூட்டினார்கள். அவன் முடியைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்விட்டான். பிறகு அது பவேரியா ஒட்டோவிடம் போயிற்று. அவனிடமிருந்து ஒரு பிரபு பிடுங்கி வைத்துக்கொண்டான். சார்லசுக்கு 1309-இல் புதிதாக ஒரு முடி செய்து இரண்டாந்தரம் சூட்டினார்கள். அதுவும் செல்லாது! 1310-இல் புனித முடி கைக்கு வந்தபிறகு மூன்றாந்தரம் சூட்டித்தான் ராஜாவானான். அதே மனிதன், அதே தலை, அதே ரத்தம். ஆசாரியன் வைத்த உலோகம் மாறினதும் ராஜாவாகி விட்டான்.

இது நம் சிதம்பரத்துக் கதை போலில்லையா? பெரிய புராணத்தில் கூற்றுவ நாயனார் என்று ஒருவர் வருகிறார். களந்தைக் குறுநில மன்னர். பல நாடுகளை ஜெயித்தார், ராஜாவுக்கு வேண்டிய சகலமும் இருந்தது. முடி மாத்திரம் இல்லை. தில்லைவாழ் அந்தணரிடம் போய் எனக்கு முடி சூட்டுங்கள் என்று கேட்டார். சோழர் குலத்துக்கல்லாமல் பிறருக்குச் சூட்டமாட்டோம் என்று சொல்லி, முடியைக் காக்க ஒரு குடும்பத்தை வைத்துவிட்டு, மற்றவர்கள் எல்லோரும் மலைநாட்டுக்குப் போய்விட்டார்களாம். நாயனார் என்ன செய்தார்? நடராஜரை வேண்டினார். கனவில் சாமி தன் காலையே முடியாக அவர் தலையில் வைத்தது என்று கதை முடிகிறது. இவ்வளவு நாட்டைப் பிடித்த சேனாவீரனுக்குச் சில புரோகிதர்கள் முடியில்லை என்றால் பட்டம் இல்லை. இதையே பக்திக் கதையாக நம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள். இந்தப் புராணத்தைச் சேக்கிழார் பாடியது எப்பொழுது? 12-ஆம் நூற்றாண்டில், சோழன் ஆண்ட காலத்தில். சோழனல்லாதவனுக்கு முடி கிடையாது என்ற கதை சோழன் காதுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! அந்த முடியை வைக்கிற பாத்தியதை எங்களுக்கே என்பது தீட்சிதர் காதுக்கு எவ்வளவு இனிப்பு!

ஆனால் அவசரம் வந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் கல்வெட்டு இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் சாகப்போகும்போது அவன் பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டுச் சொல்லுகிறபடி, பல்லவராயர் என்ற மந்திரி, விக்கிரம சோழனுடைய பேரன் ஒருவனைக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார். ராஜா இறந்ததும் குழந்தைகளைப் பத்திரமான இடத்துக்கு அப்புறப்படுத்தினார். உடன்கூட்டத்தாரும் நாட்டாரும் ஒத்துக்கொள்ளும்படி செய்து, அந்தப் பேரனை இரண்டாம் ராஜாதிராஜன் என்று சிம்மாசனத்தில் ஏற்றினார். மூத்த மகன் பாத்தியதை எங்கே போயிற்று? ஒரு வயதுக் குழந்தை சண்டைக்குப் போகமுடியாது என்று மந்திரிக்குத் தெரிந்திருந்தது, போயிற்று. இந்தச் சோழர் கதை முழுதிலும் புத்தியோடு நடந்த காரியம் இது ஒன்றுதான் என்பது நமது அபிப்பிராயம். ஹங்கேரியில் 1440-இல் இதற்கு நேர் எதிரிடை. ராஜா செத்தபின் பிள்ளை பிறந்தது. ராணி தன் தோழியை அனுப்பிப் புனித முடியைக் கோட்டையிலிருந்து திருடிவரச் செய்து, மூன்று மாதங்கூட நிறையாத கைக்குழந்தைக்குச் சூட்டிவிட்டாள். பிரபுக்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த போலந்து ராஜாவுக்கு என்ன செய்வது? முடியின் சக்தி நாட்டார் சம்மதத்தில்தான் இருக்கிறது என்று தீர்மானம் எழுதி, வேறொரு முடியைச் சூட்டினார்கள். திருட்டுப்போனபோதுதான் அந்த உண்மை வெளியே வந்தது!

சோழர் முடிவுக்கு வருவோம். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் பாண்டியன் தஞ்சாவூரையும் உறையூரையும் கொளுத்தினான். பிறகு இரக்கப்பட்டு நாட்டைத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லி, "சோணாடு வழங்கியருளிய" சுந்தரபாண்டியன் என்று பட்டம் போட்டுக்கொண்டான். அடுத்து வந்த மூன்றாம் ராஜராஜனை, அவனுக்கு அடங்கியிருந்த கோப்பெருஞ்சிங்கன் என்ற காடவராயன் 1231 வாக்கில் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துச் சேந்தமங்கலந்தான். கருநாடகத்துப் போசள ராஜா சேனையை அனுப்பி அவனை மீட்டு மறுபடி சிம்மாசனத்தில் உட்கார வைத்தான். இந்த வரலாறு கடலூருக்குப் பக்கத்துத் திருவஹீந்திரபுரம் கோவில் கல்வெட்டில் விரிவாக இருக்கிறது. வழியில் எத்தனை ஊர் அழிந்தது, எத்தனை பயிர் வெட்டுப்பட்டது என்பதும் அதில் பெருமையாகவே எழுதியிருக்கிறது. நம் முப்பாட்டன்மார் அந்த ஊர்களில் உழுதுகொண்டிருந்தவர்களே ஒழிய அந்த யானைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர்.

ஆண்ட பரம்பரை என்கிற தோழர்களுக்கு இன்னொரு கல்வெட்டும் சொல்லுவோம். தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ராஜராஜன் விட்ட கிராமங்களின் கணக்கில், வரி நீக்கிய இடங்களைச் சொல்லும்போது பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அரசாங்கக் கணக்கிலேயே தீண்டாச்சேரி! சுமார் 400 பெண்களைப் பல ஊர்க் கோவில்களிலிருந்து கொண்டுவந்து தளிச்சேரியில் குடிவைத்ததும் அதே சுவரில் பெயர், வீட்டு இலக்கத்தோடு இருக்கிறது. நாம் அந்தக் கோவிலைக் கட்டிய கொத்தனையும் கல்தச்சனையும் மெச்சுகிறோம். சோழன் வெட்டிய ஏரியை மெச்சுகிறோம், வீராணத்துத் தண்ணீரைச் சென்னைக்காரர்கள் இன்றும் குடிக்கிறார்கள். ஆனால் அந்த ராஜ்யத்தில் நம்முடைய இடம் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் இருந்ததாகக் கனவு காண்பது கோமாளித்தனமல்லவா?

இங்கே சுரங்கத்தில் பெரிய சக்கர யந்திரம் ஓடுகிறது. அதை ஓட்டுகிறவர் நாளைக்கு ஓய்வு பெற்றால், அவர் மகன் என்பதற்காகப் பயிற்சி இல்லாத பையனை அதில் ஏற்றி உட்கார வைப்பீர்களா? பக்கத்தில் நிற்கிற பத்துப் பேர் உயிர் போகும் என்று சொல்லுவீர்கள். ஒரு யந்திரத்துக்கு ஆகாத முறை, லட்சக்கணக்கான ஜனங்களுடைய உயிருக்கும் நிலத்துக்கும் ஆகும் என்று எத்தனை நூற்றாண்டு ஒத்துக்கொண்டிருந்தோம்! ஜனங்கள் ஓட்டுப்போட்டு ராஜாவைத் தேர்ந்தெடுத்ததாகச் சோழர் கல்வெட்டு எதிலும் கிடையாது. குடவோலை என்று உத்திரமேரூரைக் காட்டுவார்கள். அது வேதம் படித்த, நிலமுள்ள பார்ப்பனர் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சீட்டு.

சுதந்தரம் வந்தபிறகுகூட சமஸ்தானாதிபதிகளுக்கு மானியம் கொடுத்து வந்தோம். 1971-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அதை நிறுத்தினார்கள். ராஜாவின் பிறப்புரிமை அப்படிப் போயிற்று. முடிசூட்டினவன் பிறப்புரிமையோ அவ்வளவு சுளுவில் போகவில்லை. கோவில் பூசைக்குப் பரம்பரைப் பாத்தியதை இல்லை என்று தமிழ்நாட்டுச் சட்டசபை 1970-இல் சட்டம் செய்தது. 1972-இல் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லும் என்றது. ஆனாலும் பயிற்சி பெற்ற பல சாதிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக அர்ச்சகர் உத்தரவு வாங்க 2021 வரையில் காத்திருக்கவேண்டி வந்தது.

சில தோழர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர், ராஜராஜனே அண்ணனைக் கொல்லச் செய்திருப்பானோ என்று கேட்கிறார். உடையார்குடிக் கல்வெட்டில் கொன்றவர் பெயர் இருக்கிறதே தவிர ஏவினவர் பெயர் இல்லை. உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்ட சரித்திரக்காரர்கள் உண்டு, பாண்டியன் தலை போனதற்குப் பழி என்று சொன்னவர்களும் உண்டு. ராஜராஜன் பேரிலும் கதை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லில் இல்லாததை நாம் சொல்லத் தயாரில்லை. காட்டுமன்னார்கோயிலுக்கு இங்கிருந்து பஸ்ஸில் போய் ஒரு பகலில் திரும்பலாம். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் கோவிலில் எழுத்து எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொருவர் ஹங்கேரிப் புனித முடி இப்பொழுது எங்கே என்கிறார். 1918-இல் அங்கே ராஜா போனார். 1920 முதல் ராஜா இல்லாமலே ராஜ்யம் என்று பெயர் வைத்துக்கொண்டு, கடலில்லாத தேசத்தில் ஒரு கடற்படைத் தளபதி பிரதிநிதியாக ஆண்டார். 1946-இல் குடியரசு ஆயிற்று. உலக யுத்த முடிவில் முடி அமெரிக்க ராணுவத்தார் கைக்குப் போய், அவர்களுடைய தங்கக் கிடங்கில் கிடந்து, 1978 ஜனவரியில் திரும்பி வந்தது. 2000 முதல் பூடபெஸ்டு பார்லிமெண்டு கட்டிடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. எந்தக் காலத்திலோ அடிபட்டு வளைந்த அதன் உச்சிச் சிலுவை இன்னமும் சாய்ந்தபடியேதான் நிற்கிறதாம்.